அக்கா பேக்கரிக்குக் கிடைத்த பத்து நாள்

மூட்டைப்பூச்சிக்கு இரண்டு முறை மருந்தடிக்க வேண்டும், நடுவில் பன்னிரண்டு நாள் இடைவெளி. கரையானுக்கு மாதக்கணக்காகும். தானியக் கிடங்கில் வண்டுக்கு வாயு வைத்தால் ஏழு நாள் கதவைத் திறக்கக் கூடாது. கரப்பானுக்குப் பதினாலு நாள்.

இருபது வருடமாக அவர் வீடு வீடாக, கடை கடையாக இதைத்தான் சொல்லிவருகிறார். யாரும் முழுதாகக் காது கொடுத்ததில்லை. "பதினாலு நாளா?" என்று கேட்கும்போதே முகம் சுருங்கிவிடும். அதற்கு மேல் அவர் சொல்வது எதுவும் உள்ளே போகாது. அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயரே 'பதினாலு' என்று ஆகிவிட்டது. நேரில் அழைக்கும்போது மட்டும் மருந்துக்காரர்.

ஐம்பத்தொரு வயது. முட்டி இரண்டிலும் தோல் தடித்துக் கறுத்திருக்கும். அடுப்படி அலமாரிகளுக்குக் கீழே ஊர்ந்து ஊர்ந்து வந்த தடிப்பு அது. இளவயதில் பதினோரு வருடம் ஒரு தானியக் கிடங்கில் வாயு வைக்கும் குழுவில் இருந்தார். மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் மணல் பை வைத்து அடைத்து, மாத்திரைகளை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்து உட்கார வேண்டும். அதன்பின் வேலை காத்திருப்பது மட்டும்தான். நாலாம் நாள் திறந்தால் வண்டெல்லாம் செத்துக் கிடக்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். தானியத்துக்குள் இருக்கும் முட்டை சாகாது. மூன்று வாரம் கழித்து அதே மூட்டை அசையும். கிடங்கில் அவர் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான், அதை அவர் விடவேயில்லை.

பிறகு சொந்தத் தொழில். ஒரு பைக், பின்னால் தகரப் பெட்டி. முதல் வருடம் பெட்டியில் கரப்பான் படம் போட்டுப் பெரிய எழுத்தில் பெயர் எழுதியிருந்தார். கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கெஞ்சினார்கள்: "வண்டியை அடுத்த தெருவுல நிறுத்திட்டு வாங்களேன்." ஒரு வீட்டு அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் அவரை "கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்றவர்" என்று அறிமுகப்படுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் அவரை நன்றாகத் தெரியும், போன மாதம்தான் அவள் வீட்டுக் கட்டிலுக்கு மருந்தடித்திருந்தார். மூன்று பேரும் அடுப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். மறுநாளே பெட்டியில் இருந்த படத்தைச் சுரண்டிவிட்டார்.

அவருடைய சொந்த வீட்டிலும் கரப்பான் உண்டு. "ஊருக்கெல்லாம் மருந்து, நமக்குச் செருப்பு" என்பாள் அவர் மனைவி. அடிப்பதிலும் கெட்டிக்காரி.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள்.

"உடனே வாடா. பெட்டியை எடுத்துட்டு வா."

"என்னக்கா?"

"வந்து பேசு. பெட்டி வெளிய தெரியாம கொண்டு வா. சாக்கு போட்டு மூடு."

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு. அம்மா போனபோது அவருக்கு ஒன்பது வயது. அதற்குமேல் அவரை வளர்த்தது அக்காதான். கல்யாணமாகிப் புருஷனோடு பேக்கரி வைத்தபோது தம்பியையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் இறந்து ஒன்பது வருடமாகிறது. கடையை அவள் விடவில்லை. விடியும்போதே எழுந்து மாவு பிசைய வைத்து, அடுப்பு மாஸ்டர் வந்ததும் ரொட்டியும் பன்னும் இறக்கி, ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரிக் கேன்டீனுக்கு முந்நூறு பன் அனுப்பிவிடுவாள். கடையைத் தாங்கியது அந்த முந்நூறு பன்தான். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய கேக்கும் பிஸ்கட்டும் தெருவுக்கு அழகு சேர்த்தன, அவ்வளவே.

அன்று காலை சுகாதார அதிகாரி வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்று கரப்பான் ஓடின. நோட்டீஸை அக்கா தம்பியின் கையில் கொடுத்தாள். பத்தாம் நாள் மறு ஆய்வு. அன்றைக்கு உயிருள்ள பூச்சி ஏதாவது கண்ணில் பட்டால் இருபத்தொரு நாள் கடைக்கு சீல்.

"இருபத்தொரு நாள் பன் போகலைன்னா கேன்டீன்காரன் வேற ஆளைப் பிடிச்சிடுவான்டா. அப்புறம் சீலை அவங்க எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன?"

மருந்துக்காரர் தரையில் குப்புறப் படுத்தார். அடுப்புக்குப் பின் சுவர். பன் பொங்க வைக்கும் அலமாரியின் கதவுக் கீல். பிசையும் இயந்திரத்தின் மோட்டார் மூடி. கண்ணாடிப் பெட்டியின் அடிச்சட்டம். அரைமணி நேரம் கழித்து எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"நூத்துக்கணக்குல இருக்கு."

"மெதுவா பேசுடா, வெளிய ஆள் நிக்குது."

"எத்தனை நாளா இருக்கு?"

"எனக்கென்ன தெரியும், வந்தப்ப வாடகைப் பத்திரமா எழுதிக் கொடுத்துச்சு?"

அடுப்பு மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எட்டு வருடமாக அங்கே வேலை செய்கிறவர், அதிகம் பேசமாட்டார்.

"புகை போட்டுடு" என்றாள் அக்கா. "எதிர்த்த மருந்துக்கடையில ஒருத்தன் வந்து போட்டான். ரெண்டு மணி நேரம் கடையை மூடினாங்க, சாயங்காலம் திறந்துட்டாங்க. ஒண்ணுகூட இல்லையாம்."

"அடுத்த மாசம் வரும்கா. புகை வெளிய இருக்கறதைத்தான் கொல்லும். சுவத்துக்குள்ள இருக்கறது இன்னும் உள்ள போயிடும். முட்டைப் பை சுமக்கற பெட்டை ஒண்ணு தப்பிச்சாப் போதும், முப்பது குஞ்சு. அவன் மாசாமாசம் வந்து போட்டுக்கிட்டே இருப்பான்."

"அடுத்த மாசம் எனக்கு எதுக்குடா? எனக்கு வேண்டியது பத்தாவது நாள்."

அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஆய்வுக்கு முதல் நாள் புகை போட்டிருந்தால் மறுநாள் கடையில் ஈ, எறும்புகூட இருந்திருக்காது. இதை அவரே பின்னால் பல முறை ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு அது அசிங்கமாகத் தோன்றியது. முன்பின் தெரியாதவன் வீட்டில்கூட அரைகுறை வேலை செய்யாதவர், தன்னை ஆளாக்கிய கடையில் செய்வாரா? மனக்கணக்குப் போட்டார். இன்றைக்கு ஜெல் மருந்து வைத்தால் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பெரும்பகுதி சாகும். செத்ததைத் தின்றவை அடுத்துச் சாகும். பத்தாம் நாள் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ மிஞ்சும், அதுவும் வெளியே வராது.

"பத்தாம் நாள் கண்ணுல படாது. நான் பொறுப்பு."

'நான் பொறுப்பு' என்று இருபது வருடத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் அவர் சொன்னதில்லை.

மூன்று மணிக்குக் கடையை மூடிவிட்டு வேலையை ஆரம்பித்தார். ஊசி போன்ற குழாயால் இடுக்கு இடுக்காகக் கடுகளவு பழுப்புப் புள்ளி. சுவரோரம், கீலோரம், அடிச்சட்டத்தோரம். முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகள்.

அக்கா பின்னாலேயே வந்தாள். "என்னடா இது, பாக்க அதோட எச்சம் மாதிரியே இருக்கு?"

"அதுக்குப் பிடிச்ச மாதிரிதானேக்கா இருக்கணும்? உனக்குக் கேக் மாதிரி, அதுக்கு இது."

"என் கேக்கை எதோட சேக்கறான் பாரு."

"நல்லாக் கேட்டுக்கோ. தரையை நடுவுல மட்டும் துடை. சுவரோரம் ரெண்டு வாரத்துக்குத் துணி படக் கூடாது. கடையில விக்கிற ஸ்பிரே எதுவும் அடிக்கக் கூடாது. அடிச்சா அந்த வாசனைக்கு மருந்துகிட்டயே வராது. அப்புறம், ரெண்டாம் நாள், மூணாம் நாள் பகல்லயே வெளிய வரும். பயப்படாத. மருந்து தின்னு தலை சுத்தி வருது. அப்படி வந்தாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

"சரி, சரி" என்றாள் அக்கா. சொல்லும்போதே கையிலிருந்த துணி கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கரப்பான் நடந்தது. ஓடவில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்தவர் போல நிதானமாக நடந்தது. கேக் வாங்க வந்த ஒரு பெண்மணி, கையில் வாங்கியதையும் மேசையில் வைத்துவிட்டு வெளியேறினாள்.

அக்கா போனைப் போட்டாள். "உன் ஆளு வந்திருக்கான்."

"வரட்டும்கா. சாகத்தான் வர்றான்."

"சாகறதுக்கு என் கேக் மேலதான் எடம் கெடைச்சுதா?"

"இன்னும் ரெண்டு நாள். நான் சொன்னேன்ல?"

"சொன்ன, சொன்ன. நீ சொல்லாததுதான் என்ன?"

அன்று பகலில் மட்டும் பதினெட்டு வெளியே வந்தன. இந்த எண்ணிக்கை மாஸ்டர் சொன்னது. மருந்துக்காரருக்கு அப்போது தெரியாது. அன்று மாலையே அவர் நாலு மணி நேரப் பயணத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒரு மாணவர் விடுதியில் எழுபது கட்டில், எல்லாவற்றிலும் மூட்டைப்பூச்சி. இடையில் இரண்டு முறை அக்காவைக் கூப்பிட்டார்.

"எப்படிக்கா இருக்கு?"

"கொறைஞ்சிருக்கு."

"பாத்தியா?"

"ம்."

அந்த 'ம்' அவருக்குப் போதுமாக இருந்தது.

ஏழாம் நாள் மதியம் திரும்பியவர் நேராகக் கடைக்குப் போனார். வாசலிலேயே தரை கழுவும் திரவத்தின் நெடி முகத்தில் அறைந்தது. உள்ளே சுவர் பளபளத்தது. அடுப்புக்குப் பின்னால் பல வருடப் புகைக்கறைகூட இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு படுத்தார். கீலோரம் பார்த்தார், அடிச்சட்டம் பார்த்தார், மோட்டார் மூடியைக் கழற்றிப் பார்த்தார். முந்நூற்றுச் சொச்சத்தில் ஏழு புள்ளிகள்தான் மிச்சம். அவையும் துணி எட்டாத இடத்தில் இருந்ததால் பிழைத்தவை. மாவுத் தொட்டிக்குப் பின்னால் ஸ்பிரே டப்பா இரண்டு, காலி.

"யாரு துடைச்சது?"

அக்கா கல்லாவில் நின்று சில்லறையை எண்ணினாள். மாஸ்டர்தான் பேசினார்.

"மூணாம் நாள் சாயங்காலமே ஆரம்பிச்சிட்டாங்கண்ணே. நான் சொன்னேன், அண்ணன் தொடக் கூடாதுன்னாரேன்னு. 'அதிகாரி வந்து சுவர் பூரா இப்படிப் புள்ளி புள்ளியா பாத்தா என்ன நெனப்பாங்க'ன்னாங்க. பழைய பல் தேய்க்கிற பிரஷ் எடுத்து ஒவ்வொரு கீலா தேய்ச்சாங்க. ரெண்டு நாள் வேலை."

இந்தத் தொழிலில் இது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. சுத்தமில்லாதவர்கள் மருந்தைத் தொடமாட்டார்கள். சுத்தக்காரர்கள்தான் மருந்தையும் சேர்த்துக் கழுவிவிடுவார்கள். அக்கா மாதிரி சுத்தக்காரி அந்தத் தெருவில் வேறு யாரும் கிடையாது.

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதாக்கா? ரெண்டு தடவை கேட்டேனே?"

"பண்ணா என்ன சொல்லுவ? பதினாலு நாள், பதினாலு நாள். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம்."

"இப்ப மறுபடியும் முதல்லேர்ந்துக்கா."

"இன்னும் மூணு நாள்தான் இருக்கு. முதல்லேர்ந்தாம். இப்பவாவது புகை போடுடா. உனக்கு வராதுன்னா சொல்லு, அந்த ஆளைக் கூப்பிடறேன்."

"புகை போட்டா அதுக்கு மேல ஜெல் வேலைக்காகாது. ரெண்டுல ஒண்ணுதான்."

"அப்ப அந்த ஒண்ணு புகையா இருக்கட்டும்!"

"உள்ள இருக்கற மாவு மூட்டை எல்லாம் வெளிய ஏத்தணும். ஒரு நாள் பன் போகாது."

"ஒரு நாள் போகாட்டா போகட்டும்! கேன்டீன்காரன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

மாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்துக்காரர் வாளியில் தண்ணீர் பிடித்தார். ஸ்பிரே அடித்த இடமெல்லாம் வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவிட்டார். பிறகு குழாயை எடுத்துக்கொண்டு படுத்தார். மறுபடியும் முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகள். முடிக்கும்போது ஆறு மணி. இந்த முறை அக்கா பின்னால் வரவில்லை.

"மூணு நாள் போதும்கா. யாரும் தொடாம இருந்தா போதும்."

"தொடமாட்டேன்" என்றாள் அக்கா. "செத்தாலும் தொடமாட்டேன்."

அந்த வாக்கை அவள் காப்பாற்றினாள். அந்த மூன்று நாளும் கல்லாவை விட்டு அவள் நகரவில்லை, துணியைக்கூட மாஸ்டரிடம் கொடுத்துவிட்டாள்.

பத்தாம் நாள் காலை பத்தரைக்கு அதிகாரி வந்தார். மருந்துக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு, வெறும் தம்பியாக, ரொட்டி அலமாரி ஓரம் நின்றார். அதிகாரி நிதானமானவர். பிசையும் இயந்திரத்தை நகர்த்தச் சொன்னார். ஒன்றுமில்லை. அடுப்புக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பன் அலமாரியின் கதவை மூன்று முறை திறந்து மூடினார். ஒன்றுமில்லை. அக்காவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. நாற்பது நிமிடம் கழித்து அதிகாரி கோப்பைக் கல்லா மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்கம்மா" என்றார்.

அப்போது தராசுக்கு அடியிலிருந்து ஒன்று வந்தது.

பின்னங்கால் இரண்டும் இழுபட, வெள்ளை மேசையின் குறுக்கே நடந்தது. நடுவில் புரண்டு மல்லாந்தது. காலை உதைத்து உதைத்து ஒருவழியாகத் திரும்பிற்று. கோப்பின் ஓரத்தில் முட்டி நின்றது. மாஸ்டரோடு சேர்த்து நாலு பேரும் அதையே பார்த்தார்கள்.

"மேடம்" என்று மருந்துக்காரர் முன்னால் வந்தார். "அது மருந்து தின்னது. பாருங்க, கால் இழுக்குது. இன்னும் ஒரு மணி நேரம் தாங்காது."

"நீங்க யாரு?"

அக்கா அவரைப் பார்த்தாள்.

"மருந்து வச்சவன். இவங்க தம்பி."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பேச்சில் கடுமை இல்லை. "சரி. செத்துக்கிட்டிருக்கு, அது எனக்கும் தெரியுது. நான் கேக்கறது ஒண்ணுதான். இதுதான் கடைசியா?"

அந்தக் கேள்வி ஒரு கதவு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு அதிகாரி நின்றார். உள்ளே போகச் சொல்லித்தான் கேட்டார் என்று மாஸ்டர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். ஆமா மேடம் என்று இரண்டு சொல் போதும். அக்காவின் உதடுகூட அசைந்தது.

மருந்துக்காரர் வாயிலிருந்து இருபது வருடப் பழக்கம் வந்தது.

"இன்னும் வரும் மேடம். முழுசா போக இன்னும் பதினோரு நாள் ஆகும்."

"அப்ப உள்ள உயிரோட இருக்கு."

"இருக்கு, ஆனா…"

அதிகாரி எழுதினார். எழுதும்போது அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஷட்டர் இறங்கியது. பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு வைத்தார்கள்.

கேன்டீன்காரர் மறுநாளே போன் செய்தார். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. வேறு இடத்தில் ஒரு வருடத்துக்குப் பேசி முடித்துவிட்டாராம். மாஸ்டர் எட்டு நாள் பொறுத்தார், ஒன்பதாம் நாள் வேறொரு பேக்கரியில் சேர்ந்தார். சொல்லிவிட்டுப் போக வந்தவரிடம் அக்கா, "அங்க அடுப்பு எப்படி?" என்று மட்டும் கேட்டாள். "நம்ம அடுப்பு மாதிரி இல்லக்கா" என்றார் அவர்.

தம்பியின் போனை அவள் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் கதவு திறக்கவில்லை. மனைவியை அனுப்பிப் பார்த்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. டீ கொடுத்தாங்க, குடிச்சேன். கப்பைக் கழுவி வச்சிட்டு வந்துட்டேன்."

"என்னைப் பத்தி?"

"உங்களைப் பத்திப் பேசறதுக்கா டீ கொடுத்தாங்க?"

வேலைக்குப் போகும்போதெல்லாம் அவர் அந்தத் தெரு வழியாகவே போனார். பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிய ஷட்டரைப் பார்ப்பார். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். அடுப்புச் சூடு இல்லை. தரையில் ஒரு துகள் மாவு கிடையாது, அக்கா அப்படித் துடைத்திருந்தாள். தின்பதற்கு அந்தப் பழுப்புப் புள்ளிகள் மட்டும். துணி இல்லை, பிரஷ் இல்லை, ஸ்பிரே இல்லை, "இன்னும் போகலையே" என்று கேட்க ஆள் இல்லை. யாரும் கை வைக்காத பதினாலு நாள் இந்தத் தொழிலில் அவருக்குக் கிடைத்ததே இல்லை. முதல்முறையாக அரசாங்கமே பூட்டுப் போட்டுக் கொடுத்திருந்தது.

சீல் எடுத்த அன்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எதிர்ப்பக்க மருந்துக்கடைக்காரர்தான் மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டார். "என்ன, உங்க அக்கா கடையில வேற ஆள் வந்து புகை போட்டுட்டிருக்காரு?"

அவர் போய்ச் சேர்ந்தபோது புகை அடங்கி, ஷட்டர் முழுதாகத் தூக்கியிருந்தது. வாசலில் ஒரு பைக், அதன் பெட்டியில் பெரிய எழுத்தில் 'இரண்டே மணி நேரம்' என்று எழுதியிருந்தது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். புகைக்காரர் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அடுப்புக்குப் பின்னாலிருந்தும் அலமாரிக்கு அடியிலிருந்தும் கூட்டிய குவியலை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். முறம் நிறையக் கரப்பான்.

"பாத்துக்கோங்க" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "ரெண்டு மணி நேரம். எண்ணிப் பாக்கணும்னா எண்ணிக்கலாம்."

"அடேங்கப்பா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அக்கா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதத்தில் நாலு வயது கூடியிருந்தது. முறத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

மருந்துக்காரர் உள்ளே போனார். முறத்திலிருந்து ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். எடுத்ததுமே கால்கள் உதிர்ந்தன. விரலைத் தேய்த்தார், உடம்பு தூளாகியது.

"அக்கா, இது இன்னைக்குச் செத்தது இல்ல. இன்னைக்குச் செத்திருந்தா வளையும். இது காஞ்சு ஒரு வாரமாச்சு. புகை போடறதுக்கு முன்னாடியே உள்ள ஒண்ணுகூட உயிரோட இல்ல. இது ஜெல் பண்ண வேலை."

கடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புகைக்காரர் முறத்தைக் கீழே வைக்கவும் இல்லை, வாதாடவும் இல்லை. அக்காவின் பதிலுக்காக எல்லோரும் நின்றார்கள்.

"இருக்கும்" என்றாள் அக்கா. அவள் குரல் உயரவேயில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அன்னைக்குச் சொன்னதும் சரிதான், இன்னைக்குச் சொல்றதும் சரிதான். பதினாலுன்னா பதினாலு. பதினொண்ணுன்னா பதினொண்ணு. நீ ஒரு நாள்கூடத் தப்பாச் சொன்னதில்ல."

"அக்கா…"

"அவங்க கேட்டப்ப 'கடைசி'ன்னு ஒரு வார்த்தை. ஒரு பொய். எனக்காக ஒரே ஒரு பொய் சொல்ல உனக்கு வாய் வரலை. அந்தப் பூச்சிக்கு நாள் கணக்குப் பாத்தியே, எனக்கு எத்தனை நாள் இருக்குன்னு பாத்தியா?"

"நீ துடைக்காம இருந்திருந்தா…"

"ஆமா, துடைச்சேன்" என்றாள் அக்கா. "அதுவும் சரிதான். போ."

அவர் கையிலிருந்த தூளைச் சட்டையில் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே புகைக்காரரும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பைக்கில் கட்ட ஆரம்பித்தார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, வேறெங்கோ பார்த்தபடி பேசினார்.

"அண்ணே, உள்ள நல்ல வேலை பண்ணியிருக்கீங்க. மோட்டார் மூடியைக் கழட்டினேன், குஞ்சு வரைக்கும் செத்துக் கிடக்கு. நான் பாத்ததே இல்ல."

"இதை உள்ள போய்ச் சொல்லேன்."

"சொல்லலாம்தான்." கயிற்றை இன்னொரு சுற்று சுற்றினார். "நீங்க பண்ண வேலைக்கு இனி இந்தக் கடைக்கு ஒரு வருஷம் யாரும் வர வேண்டாம். மாசாமாசம் வர்றதா அக்காகிட்டப் பேசியிருக்கேன். அவங்களும் சரின்னுட்டாங்க."

"பூச்சியே இல்லாத கடைக்கா?"

"பூச்சி இல்லாத கடைதாண்ணே நமக்கு வசதி" என்று சொல்லிப் பைக்கை உதைத்தார்.